சுறாவின் வாயைக் கட்டியவருக்குக் கூலி எவ்வளவு?

ஃபேன்டஸி நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக வரும்: "அப்போ நிறைய ஃபேன்டஸி படிப்பீங்க, இல்லையா?" படிப்பேன், ஆசையாகவே படிப்பேன். ஆனால் என் மேஜையில் எந்நேரமும் விரிந்து கிடப்பவை வேறு. பழைய திருநெல்வேலி கெசட்டியர், சங்குகுளி பற்றி நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட புத்தகம், கல்வெட்டுத் தொகுதி ஒன்று, பக்கத்தில் மணிமேகலை. தூத்துக்குடியில் இருந்துகொண்டு கடலை வைத்து மாயக்கதை எழுதுகிற எனக்கு இவைதான் கைமுதல். இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள்: ஒரு நாள் எப்படிப் போகும், என்ன படிக்கணும், படித்ததை என்ன செய்யணும் என்று. எனக்குக் கைகொடுத்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் சுறா. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே நடந்த முத்துக்குளிப்பை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளியாட்களை நெருங்காதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு. அந்த மந்திரம் ஒரு பகலுக்குத்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் போட்டவர்களே அதை அவிழ்த்துவிடுவார்கள். ஏன் அவிழ்க்கணும்? அவருடைய நூலுக்குக் கிடைக்கிற பல வடிவங்களில் ஒன்றில் காரணமும் இருக்கிறது: ராத்திரியில் கள்ளத்தனமாக முத்தெடுக்க இறங்குகிறவன் சுறாவுக்குப் பயப்பட வேண்டும் அல்லவா!

இதை முதன்முதலாகப் படித்த நாளில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு மந்திரவாதியைப் படைக்க உட்கார்ந்தால் நமக்குத் தோன்றுவது என்ன? நீண்ட தாடி, கையில் கோல், வானத்தில் மின்னல். இங்கே இருப்பவரோ பங்குக் கணக்கில் வருகிற ஒரு தொழிலாளி. காலையில் கட்டுகிறார், மாலையில் அவிழ்க்கிறார், இருபதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவர் அவிழ்த்துவிட்ட பிறகு கடலில் திரியும் சுறா அரசனுடைய காவல்காரனாகிவிடுகிறது. மந்திரம், கூலி, அரசாங்கம், திருட்டு எல்லாம் ஒரே முடிச்சில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் கால அறிக்கைகளிலும் இவர் வருகிறார், கடல்கட்டி என்ற நம் பெயரோடேயே. அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் வந்து நிற்காமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். ஆகவே அவருக்கும் படி அளந்தார்கள்.

அன்றைக்கு நோட்டின் உள்ளட்டையில் நாலு கேள்வி எழுதினேன். யார் செய்வது? கூலி யார் கொடுப்பது? எதுவரை நிற்கும்? அது நின்றுபோனால் யாருக்கு லாபம்? எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த நாலையும் கேட்டுக்கொண்டே படிக்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாலுக்கும் பதில் தெரிந்த மாயம் நாவலில் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். தெரியாத மாயத்தை அத்தியாயத்துக்கு அத்தியாயம் நாம்தான் தள்ளிக்கொண்டு போகணும்.

என் நாள் நாலரை மணிக்கு ஆரம்பிக்கும். ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி, அப்புறம் நேராக எழுத்து. அந்த நேரத்தில் எதையும் படிப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை. மகளின் பள்ளிக்கூட வேன் வரும்வரை நாவலுக்கு. வேன் போன பிறகு சமையலும் வீடும். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை சம்பாத்தியத்துக்கான வேலை: பதிப்பகங்களுக்குப் பிழைதிருத்துவது, மொழிபெயர்ப்பது. இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. 300 ரூபாய் புத்தகத்துக்கு 10 விழுக்காடு ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றாலும் 30,000. ஒரு பெரிய நாவலுக்கு ஒன்றரை வருஷம் ஆகும் என்று வைத்துக்கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆகவே எழுத்தை நம்பி வேலையை விடாதீர்கள், வேலையை நம்பி விடிகாலையையும் விட்டுவிடாதீர்கள். பிழைதிருத்துகிற வேலைக்கு ஒரு தனி நன்மை உண்டு. அடுத்தவர் வாக்கியத்தில் எங்கே சதை தொங்குகிறது என்று நாலு மணி நேரம் பார்த்த கண்ணுக்கு மறுநாள் காலையில் தன் வாக்கியமும் தெரியும்.

சாப்பிட்ட பிறகு வேலைப் படிப்பு. இதற்கு மேஜை, பென்சில், அட்டைகள் வேண்டும், படுத்துக்கொண்டு செய்யக்கூடாது. கிடைத்த ஒரு விவரத்துக்கு ஓர் அட்டை. மேலே விவரம், அதன் கீழே புத்தகமும் பக்கமும், அடியில் ஒரு கேள்வி: இதனால் யாருக்குக் கஷ்டம்? அட்டைகளைப் புத்தகவாரியாக அடுக்குவதில்லை. துறைமுகம், சாப்பாடு, கூலி, நோய், சடங்கு, தண்டனை என்று பெட்டி பிரித்துப் போடுகிறேன். எழுதும்போது நமக்கு வேண்டியது அந்தக் காட்சியில் சட்டியில் என்ன கொதிக்கிறது என்பது. எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்று அப்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

புத்தகத்துக்காக அலைகிற நிலைமை இப்போது வெகுவாக மாறிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி என்ற இலக்கிய, புராணக் கலைக்களஞ்சியம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் சொந்தமாக இருக்கட்டும். ஏதோ ஒரு முனிவரைத் தேடிப் போனால் வழியில் வேறு நாலு பேர் மறித்துக் கதை சொல்வார்கள். தேடியது கிடைக்காத நாளிலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

கல்வெட்டு என்றதும் பலருக்குத் தூக்கம் வருகிறது. எனக்கு அது வராத இடம் அதுதான். சோழர் காலக் கோயில்களில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு என்று பொறித்துவைப்பார்கள். சாகாத, மூப்படையாத ஆடுகள். கிழடு விழ விழக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. நாள்தோறும் உழக்கு நெய் அவர் அளக்க வேண்டும். எதுவரை? சந்திரனும் சூரியனும் உள்ளவரை. என் மூன்றாவது கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் எந்த மாயக்கதையிலும் கிடைத்ததில்லை. அட்டையின் அடியில் வழக்கமான கேள்வியை எழுதினேன்: இதனால் யாருக்குக் கஷ்டம்? கோயிலில் விளக்கு எரிகிறது, கொடுத்தவருக்குப் புண்ணியம் சேர்கிறது. காய்ச்சலோ பஞ்சமோ, அளந்தே ஆகவேண்டிய வீடு ஒன்று ஊர்க்கோடியில் இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த ஒரு பையன், தன் ஆடுகள் நிஜமாகவே சாகவில்லை என்று ஒருநாள் கண்டுபிடித்தால்? என் இரண்டாவது நாவல் அங்கேதான் முளைத்தது.

சாயங்காலம் நடப்பேன். நடை என்றால் பெரும்பாலும் பேச்சுதான். துறையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிறவர்கள், உப்பளத்திலிருந்து வருகிறவர்கள், பழைய புத்தகம் விற்கிற அண்ணாச்சி. புத்தகத்தில் இல்லாதது இவர்களிடம் இருக்கும், கேட்கத் தெரியணும். "கடலுக்குள்ள எப்படி இருக்கும்ணே?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கும்" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். உடம்பைக் கேளுங்கள். சங்கு குளிக்கிற ஒரு அண்ணனிடம், "கீழ போனதும் எங்கண்ணே மொதல்ல வலிக்கும்?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"காதுதான் தங்கச்சி. மூக்கப் புடிச்சு ஊதி ஊதித்தான் எறங்கணும். பொறவு சத்தம் இருக்குல்லா, மேல போட்டு வந்தா கேக்கும், ஆனா எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது. நாலு பக்கமும் வாற மாரியே இருக்கும். கீழ கையக் கிழிச்சிட்டுன்னு வையி, ரத்தம் செவப்பாத் தெரியாது. பச்சையுங் கறுப்புமாப் போவும். மேல வந்து பாத்தாதான் செவப்பு."

தண்ணீர் ஆழத்தில் சிவப்பு ஒளியைத்தான் முதலில் குடித்துவிடுகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அந்த அறிவியல் வேண்டியிருக்கவில்லை. என் கதையில் கடலடி நகரத்துக்குப் போகிற பெண்ணுக்குக் காயம்பட்டதே தெரியாமல் போவதும், பகைவரின் மரக்கலம் தலைக்கு மேலேயே வந்து நிற்பதை அவள் அறியாமல் இருப்பதும் அந்தத் திண்ணைப் பேச்சில் கிடைத்தவை. வாசகர்கள் அந்த அத்தியாயத்தில் உள்ள ஒளிரும் கோபுரங்களை மறந்துவிட்டார்கள். பச்சை ரத்தத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பழக்கம், படித்த இடத்தைப் போய்ப் பார்ப்பது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி சரித்திரத்தில் கொற்கையின் கதை வருகிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகி, கொற்கை என்ற பெரும் துறைமுகம் உள்நாட்டுக் கிராமமாயிற்று. பிறகு காயல் துறைமுகமாயிற்று, அதையும் கடல் விட்டுப் போனது, கடைசியில் தூத்துக்குடி. இதை வீட்டிலிருந்து படிப்பதற்கும் கொற்கையில் போய் வாழைத்தோட்டத்துக்கு நடுவே நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முத்துக்குப் பேர்போன துறையில் நின்று சுற்றிப் பார்த்தால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஒரு பழைய வன்னிமரம் நிற்கிறது; இரண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். அங்கே நின்றபோதுதான் கேள்விகள் வரிசையாக வந்தன. துறை நகர்ந்தால் சுங்கம் வாங்குகிறவனும் நகர்வான். பரதவர் குடியிருப்பும் நகரும். ஊர்த் தெய்வம்? அவளை யார் தூக்கிப் போவார்கள், தூக்கவிடுவாளா? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று பாகம் எழுதிவிட்டேன்.

ராத்திரிப் படிப்பு வாய்விட்டுப் படிப்பது. மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்காக ஆரம்பித்த பழக்கம் இப்போது எனக்காக நடக்கிறது. மணிமேகலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மூலம் ஒரு பத்து வரி, பிறகு கதையாக. தமிழில் மாயக்கதை எழுதுகிற யாரும் இந்தக் காப்பியத்தைப் பரீட்சைக்குப் படித்ததோடு நிறுத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் சொல்கிறேன்.

ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். எடுக்க எடுக்கக் குறையாத சோறு. இப்படி ஒரு பாத்திரம் கதையில் வந்துவிட்டால் அதன் பிறகு கதை எப்படி நகரும்? எந்தச் சிக்கலும் பசியோடு தொடங்க முடியாது. இன்றைக்கு எழுதுகிற நாமாக இருந்தால் ஓர் அரக்கனை அனுப்பிப் பாத்திரத்தைத் திருடவைப்போம். சாத்தனார் அப்படிச் செய்யவில்லை. வரம் கேள் என்று வந்த இந்திரனைப் பார்த்து ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். கோபம் கொண்ட இந்திரன், பன்னிரண்டு வருஷமாக வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவைக்கிறான். அவ்வளவுதான். ஊர் செழித்துவிட்டது, பசித்து வருகிறவர் யாரும் இல்லை. கையில் அள்ளக் குறையாத பாத்திரத்தோடு வாங்குவாரைத் தேடி அலைகிறான் ஆபுத்திரன். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவன் ஏறிவிட்டதாக நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. தான் மட்டும் சாப்பிட அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான்.

சோறு சுரக்கும் பாத்திரத்தை மழையால் தோற்கடிப்பது! இதைவிடக் கூர்மையான ஒரு திருப்பத்தை எந்த மொழிக் கதையிலும் நான் படித்ததில்லை. மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்குக் கொடுக்கிற மந்திரங்களும் அப்படித்தான். வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியில்லாமல் இருக்க ஒன்று. தன்னை விரும்பித் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவை எடுக்கிறாள். அந்த உருவைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், அவள் பின்னால் வந்த உதயகுமரனை வெட்டிவிடுகிறான். காப்பாற்ற எடுத்த உருவே கொலைக்குக் காரணமாகிறது. செத்த பாத்திரத்தை எழுப்பலாமா என்று தடுமாறுகிறவர்கள் சக்கரவாளக் கோட்டத்துக் கதையையும் படிக்கவேண்டும். மகனைப் பறிகொடுத்த கோதமை என்ற தாய் முறையிட, புகாரின் காவல் தெய்வமான சம்பாபதி அண்டத்துத் தேவர்களை எல்லாம் வரவழைத்துக் காட்டுகிறாள்: போன உயிரைத் திருப்ப இவர்களில் ஒருவராலும் முடியாது என்று.

அமுதசுரபிக் கதையைச் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள், "ஏம்மா, ஊரே சாப்பிட்டுப் போனபொறவு அந்த எடத்த எல்லாம் யாரு கழுவுவா?" மறுநாள் காலையில் முதல் வேலையாக அதை ஓர் அட்டையில் எழுதி, கூலிப் பெட்டியில் போட்டேன். அன்னசாலையில் தரை கழுவும் ஒரு கிழவி இப்போது எழுதுகிற நாவலில் இருக்கிறாள். நாவலின் பெரிய ரகசியம் அவளிடம்தான் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு நேரடியாக உதவக்கூடிய இன்னும் ஒரு பழக்கம், கணக்கு நோட்டு. எழுதி முடித்த ஒவ்வொரு காலையும், மாயத்தைப் பற்றி வாசகரிடம் அன்று என்ன சொல்லிவிட்டேன் என்று அத்தியாய எண்ணோடு குறித்துவைப்பேன். "உப்பு பட்டால் இந்த மந்திரம் அறும்", "ஒருவர் ஒரு அமாவாசைக்கு ஒருமுறைதான்" என்பது போல. சொன்னது சொன்னதுதான். பின்னால் இடைஞ்சலாக இருக்கிறது என்று விதியை வளைக்கத் தோன்றும்போது, வளைக்காமல் கதாபாத்திரம் வேறு வழி தேடட்டும் என்று விட்டுவிடுங்கள். நல்ல காட்சிகள் அப்படித்தான் பிறக்கும். நேரத்துக்கும் தூரத்துக்கும் அதே நோட்டில் தனிப் பக்கம். நாழிகைக்கு 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. நடந்தால் எவ்வளவு, மாட்டுவண்டியில் எவ்வளவு, கச்சான் காற்றை எதிர்த்துப் பாய் விரித்தால் எவ்வளவு. பறக்கும் கம்பளம் உள்ள உலகத்திலும் சேதி கொண்டுபோகிறவன் பெரும்பாலும் நடந்துதான் போவான்.

மற்றவர்களின் ஃபேன்டஸி நாவல்களை முதல் வரைவு எழுதும் மாதங்களில் தொடுவதில்லை. அவர்களின் நடை காதில் ஒட்டிக்கொள்ளும். வரைவை மூடிவைத்துவிட்டு அடுக்கடுக்காகப் படிப்பேன். முதல் வாசிப்பு கதைக்காக, எந்தக் குறிப்பும் எடுக்காமல். பிடித்துப்போனால் இரண்டாம் வாசிப்பு, கையில் பென்சிலோடு: முக்கியமான விதியை எந்தப் பக்கத்தில் முதலில் சொல்கிறார், யார் வாயால் சொல்லவைக்கிறார், எத்தனை பக்கம் தள்ளி அதற்கு விலை கேட்கிறார். இப்படி நாலு நாவலைப் பிரித்துப் பார்த்தாலே போதும், பயிற்சி வகுப்பு தேட வேண்டியதில்லை.

இப்போது குதிரைகளில் இருக்கிறேன். அதே மார்கோ போலோ, இந்தக் கரைக்கு வந்த குதிரைகளைப் பற்றியும் எழுதுகிறார். அரசன் ஒருவனே வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவானாம். வருஷ முடிவில் 100கூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடுவதுமில்லை. சாகச் சாகத்தானே வியாபாரம் என்கிறார். நின்றால் யாருக்கு லாபம் என்ற என் நாலாவது கேள்விக்கு 700 வருஷத்துக்கு முந்திய பதில். அடுத்த நாவலில் அந்தக் குதிரைகளில் ஒன்றுக்கு, காயல் துறையில் இறங்கும்போது, சிறகு இருக்கப்போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கேட்க வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன்: வாரக்கணக்கில் கப்பலில் நின்றே வந்த குதிரைக்கு முதலில் எந்தக் கால் வீங்கும், நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் குடிக்கும், சிறகு தோளில் முளைத்தால் சேணத்தை எங்கே கட்டுவது.